கதிர் படாத குழாய்

யூலிற்றா எங்கள் ஆய்வுகூடத்துக்கு உதவியாளராக வந்த முதல் வாரத்திலேயே நான் அவளை ஏசிவிட்டேன். சென்ரிபியூஜ் மெஷினைப் போட்டுவிட்டு அவள் அசையாமல் நின்றதுதான் காரணம். இரத்தக் குழாய்களை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின் அது. தொடங்கும்போது மெல்ல முனகி, வேகம் பிடிக்கப் பிடிக்கச் சத்தம் கூர்மையாக உயரும். அந்தச் சத்தம் ஒரு நிலைக்கு வரும்வரை அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றாள். செய்ய வேண்டிய வேலை ஆயிரம் கிடந்தது. மெஷின் தன்பாட்டில் சுற்றும், நீர் உம்முடைய வேலையைப் பாரும் என்றேன். ஓம் மிஸ் என்றாள். அடுத்த முறையும் அப்படியே நின்றாள்.

குண்டு போட வரும் கிபிர் விமானம் தாழ்ந்து வரும்போது இப்படித்தான் கேட்கும் என்று எங்கள் சாரதி நடராசா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, படிக்கவென்று நோர்வேக்குப் போய், கடைசிச் சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தவள். கிளிநொச்சி வளாகத்துக்குப் படிப்பிக்க வந்து சில வருசம்தான். அன்றைக்குப் பிறகு சென்ரிபியூஜை நானே போடத் தொடங்கினேன். இரக்கம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, நீர் போட்டால் பழுதாகிவிடும் என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தேன்.

அவளுடைய கதை ஒரே நாளில் வந்ததல்ல. குழாய்களுக்கு இலக்கம் ஒட்டும்போது கொஞ்சம், மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது கொஞ்சம் என்று துண்டு துண்டாக வந்தது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். தகப்பன் யோசெப் வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். சண்டை முடிந்த வருசம் அவளுக்குப் பதினொரு வயது, தம்பி வின்சனுக்கு ஆறு வயது. கடைசியாகச் சனமெல்லாம் ஆமியின் பக்கம் போக வட்டுவாகல் பாலத்தை நோக்கி நடந்தபோது தகப்பனுக்குக் காலில் காயம். தாய் அவரைத் தாங்கிக்கொண்டு நடந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவது யூலிற்றாவின் பொறுப்பு. சனம் நெரித்தது. பக்கத்தில் எங்கோ செல் விழுந்து வெடித்தது. எல்லாரும் ஒருமுறை விழுந்து படுத்து எழும்பினார்கள். எழும்பியபோது அவளுடைய கையில் தம்பியின் கை இல்லை.

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தான் விட்டாளா, அவன் இழுத்துக்கொண்டானா, யாரும் இடையில் விழுந்து பிரித்தார்களா, ஒன்றும் தெரியாது. திரும்பிப் போய்ப் பார்க்க ஆமிக்காரர் விடவில்லை. முகாமில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். தாய் இன்றைக்கும் வின்சனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாருடன் தெருவோரப் போராட்டக் கொட்டகையில் இருக்கிறார். இத்தனை வருசத்தில் ஒருமுறைகூட, ஏன் பிள்ளை கையை விட்டாய் என்று அவர் மகளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன் என்று யூலிற்றா ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது பிப்பெற் பிடித்திருந்த கை கொஞ்சமும் ஆடவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் அவளுடைய கைதான் ஆடாத கை.

முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் தொடங்கிய படிப்பை விடாமல் படித்து, உயர்தரத்தில் உயிரியல் செய்து, தொழில்நுட்பப் பயிற்சியும் முடித்து வந்தவள். அதே கரையைச் சேர்ந்த அனிஸ்ரனை விரும்பிக் கட்டினாள். அவன் களப்பிலும் கடலிலும் மீன் பிடிக்கிறவன். கிழமை நாட்களில் அவளுக்குக் கிளிநொச்சியில் ஒரு வாடகை அறை. வெள்ளி பின்னேரம் பரந்தனில் பஸ் ஏறினால் புதுக்குடியிருப்பு கடந்து, முள்ளிவாய்க்கால் கடந்து, வட்டுவாகல் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மாங்குளத்தால் சுற்றிப் போனால் இரவாகிவிடும். பாலம் வரும்போது என்ன செய்வீர் என்று கேட்டேன். யாராவது கைக்குழந்தையோடு பக்கத்தில் இருந்தால் எழும்பித் தள்ளிப்போய் நின்றுவிடுவாளாம். ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

கட்டிய பிறகு இரண்டு முறை பிள்ளை உண்டாகி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. கரையில் அதற்கென்று ஒரு கதை தயாராக இருந்தது. பங்கர்க் குழிக்குள் கிடந்து அந்த நாட்களின் குண்டுப் புகையைக் குடித்த பெட்டையளுக்குப் பிள்ளை தங்காதாம். எந்த டொக்டரும் சொன்னதல்ல. யார் தொடக்கியது என்றும் தெரியாது. அவளோடு பங்கரில் கிடந்த பெண்கள் மூன்று நான்கு பெற்றுப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள், அது கதை சொல்கிறவர்களின் கண்ணில் படாது. எனக்கு இந்தக் கதைகளைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் யூலிற்றா அதை நம்பினாள். கிளினிக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நம்பினாள்.

எங்கள் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு பட்டால் உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ பழுதாகும். டிஎன்ஏயை நான்கே எழுத்துகளால் எழுதிய மிக நீண்ட வாசகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குவானின் என்ற எழுத்து கொஞ்சம் நோஞ்சான். கதிர் படும்போது ஒரு ஒட்சிசன் வந்து அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் எழுத்தின் எடை கூடும். அந்தக் கூடுதல் எடையைப் பிடிக்கிற கருவிதான் திணிவு நிறமாலைமானி. நாங்கள் நிறுக்கிற மெஷின் என்போம். எங்களுடையது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மெஷின் கொழும்பில், நாங்கள் ஐஸ் பெட்டியோடு போய் முறை பார்த்து இருக்கிறவர்கள். கதிர்ச் சிகிச்சை எடுக்கும் நோயாளிகளில் யாருக்குப் பழுது கூட, யாருக்குக் குறைவு என்று முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் ஆய்வு.

நிறுப்பதற்கு முன்னால் டிஎன்ஏயை நொதியம் போட்டு எழுத்தெழுத்தாக வெட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகு அதில் என்ன எழுதியிருந்தது, யாருடையது என்பதெல்லாம் போய்விடும். பழுதான எழுத்து எத்தனை என்ற கணக்கு மட்டும் மிஞ்சும். இதை நான் விளக்கியபோது யூலிற்றா, ஆளின் பெயர் போய்க் கணக்குத்தான் மிஞ்சும், என்ன மிஸ் என்றாள். செத்தவர்கள் வெறும் கணக்காகிப்போன வன்னியில் நின்றுகொண்டு ஒருத்தி அப்படிக் கேட்டால் ஓம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

கதிர்ச் சிகிச்சை எடுக்காத சுகமான ஆட்களின் இரத்தம் எங்களுக்குத் தேவைப்பட்டது. ஒவ்வொருவரிடமும் இரண்டு குழாய் எடுத்தோம். ஒரு குழாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர் பட்டு வரும். மற்றது கதிர் படாமல் எங்கள் பிரிட்ஜில் இருக்கும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் கதிர் செய்த பழுது எவ்வளவு என்று தெரியும். பெரிய காயம் ஏதும் பட்டிருக்கிறதா என்று எல்லாரையும் கேட்டோம். எல்லாரும் இல்லை என்றார்கள். கண்டாவளையிலிருந்து வந்த வயல் செய்யும் பரமலிங்கம் என்ற கமக்காரரும் இல்லை என்றுதான் சொன்னார். ஊசி குத்தச் சட்டைக் கையை மடித்தால் தோளில் ஒரு குழி. கேட்டதற்கு, அது செல் பீஸ், உள்ளேதான் கிடக்கிறது, காயம் இல்லை என்றார். இங்கே கை கால் போனால்தான் காயம். யூலிற்றாவும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் இரத்தம் கொடுத்தாள். அவளுக்குக் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒன்று இருக்கிறது.

கார்த்திகை மழைக்குப் பிறகு மாதிரிகளைக் கட்டிக்கொண்டு நானும் அவளும் கொழும்புக்குப் போனோம். நிறுக்கிற மெஷின் இருக்கும் அறை குளிர்ந்து கிடந்தது. பம்பு ஓயாமல் இரைந்தது. ஒவ்வொரு மாதிரியாக உள்ளே போக, திரையில் கோடு நகரும். பழுதான எழுத்து வரும் இடத்தில் கோடு எழும்பி ஒரு கூம்பாக நிற்கும். கதிர் படாத குழாய்களுக்குக் கூம்பு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். கதிர் பட்டவற்றுக்குத் தெளிவாக எழும்பும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கதிர் படாத குழாய் ஒன்றுக்குக் கோடு திரையின் உச்சிவரை போனது. கதிர் பட்ட எந்தக் குழாயையும்விட உயரம்.

குழாயில் இலக்கம் மட்டும்தான். ஆனால் இலக்கம் ஒட்டியவளுக்கு யாருடையது என்று தெரியும்தானே. "என்ர தான் மிஸ்" என்றாள். குரலில் பதற்றம் இல்லை. ஒரு குழாயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எங்கேயோ பிழை இருக்கலாம் என்று நான் என் பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில் மாங்குளத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது, வழக்கமாக வெறும் தேநீரோடு எழும்புகிறவள் றோல்ஸ் இரண்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாகனத்தில் ஏறியதும் நித்திரையாகிவிட்டாள்.

அதற்குப் பிந்திய நாட்கள்தான் எனக்குப் பிடிபடவில்லை. ஆறுதல் சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன். அவள் அதற்கு இடமே வைக்கவில்லை. குழாய் கழுவும்போது வாய்க்குள் தேவாலயப் பாட்டு. ஒருநாள் நான் வகுப்பில் நின்றபோது சென்ரிபியூஜைத் தானே போட்டிருக்கிறாள். வந்து பார்த்தால் அது உச்ச வேகத்துக்கு ஏறிக்கொண்டிருக்க, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை செய்கிறாள். முகம் தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வேலை இருக்கிறது என்று வீட்டுக்குச் சொன்னாளாம். அப்படி எந்த வேலையும் நான் கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அனிஸ்ரன் மோட்டார் சைக்கிளில் வளாகத்துக்கே வந்துவிட்டான். கடலுக்குப் போய் வந்த கையோடு வந்திருந்தான், கண்கள் சிவந்திருந்தன. கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. தன் உடம்பு பழுது, தன்னிடம் பிள்ளை தங்காது, மெஷினிலேயே வந்துவிட்டது, நீ வேறு ஒருத்தியைக் கட்டு என்று அவள் போனில் சொல்லியிருக்கிறாள். அவன் அழுதானாம், அவள் அழவில்லையாம்.

"எனக்குப் பிள்ளை இல்லாட்டிலும் பரவாயில்லை மிஸ். அவள் வேணும். உங்கட மெஷின் நல்லது எண்டு சொன்னதா ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னால் நம்புவாள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆய்வு முடிவை வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்ல முடியாது தம்பி என்றேன். அப்படியென்றால் மெஷின் பிழையே விடாதா என்று கேட்டான். பிழை விடாமல் என்ன, மனிதர் போலத்தான். அந்த உயரம் எனக்கும் முதல் நாளிலிருந்தே சரியாகப் படவில்லை. நடமாடித் திரிகிற சுகமான ஒருத்தியின் இரத்தம் அப்படி இருக்காது. பார்க்கிறேன் என்று சொல்லி அவனை அனுப்பினேன்.

முதலில் அவளுக்குள் கிடக்கும் செல் பீஸில்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பீஸ் வைத்திருக்கும் பரமலிங்கத்தின் குழாய் ஒழுங்காக இருந்தது. பிறகு பிரிட்ஜைத் திறந்து, மாதிரிகள் நின்ற குழாய்த் தட்டை வெளியே எடுத்து ஒவ்வொரு துளையாகப் பார்த்தேன். மிச்ச இரத்தத்தோடு இன்னும் நின்ற அவளுடைய குழாயைத் தூக்கினால், அடியில் துளைக்குள் நக அளவில் ஒரு துணி முடிச்சு. மழைக்கு மின்சாரம் போய்ப் பிரிட்ஜ் இளகிய நாட்களில் அது நனைந்து ஊறியிருக்கிறது. முடிச்சிலிருந்து கசிந்த பழுப்புச் சேறு துளையைச் சுற்றிக் காய்ந்து, குழாயின் வாய்வரை பூசியிருந்தது. குழாயைத் திறந்து வேலை செய்தபோது அந்தத் தூள் உள்ளே போயிருக்கிறது.

யூலிற்றாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மடு மண் மிஸ்" என்றாள்.

மடு மாதா கோவில் மண்ணைக் கத்தோலிக்கச் சனம் வீட்டில் வைத்திருக்கும். பாம்பு தீண்டினால் பூசுவார்கள். வைக்கத் தொடங்கினால் பாம்போடு நிற்குமா? அவளுடைய தாய் வள்ளத்தில் வைப்பார், வாசற்படியில் வைப்பார், வெளிநாடு போகிறவர்களின் பெட்டியில் வைப்பார். தன்னுடைய குழாய் நல்லபடி வரவேண்டும் என்று மகள் அதற்கடியில் வைத்திருக்கிறாள். ஆய்வுகூடத்துக்குள் மண்ணா என்று நான் போட்ட சத்தம் அடுத்த கட்டடத்துக்கும் கேட்டிருக்கும். மண்ணில் இரும்பு இருக்கிறது. பிரித்தெடுத்த டிஎன்ஏயில் இரும்பு ஒரு துளி போதும். கதிரே தேவையில்லை, குழாய்க்குள்ளேயே ஒட்சிசனைக் கொண்டுவந்து எழுத்துகளில் ஒட்டிவிடும். இது அவளுக்கும் தெரியும். இரும்பு சேரக்கூடாது என்று மருந்து கலப்பவளே அவள்தான். மூடியிருக்கிற குழாய்க்கு வெளியேதானே இருக்கிறது என்று நினைத்திருக்கிறாள்.

ஏசி முடிந்ததும் எனக்கு மனதுக்குள் சந்தோசம் பொங்கியது. பழுது அவளுடைய உடம்பில் இல்லை, குழாயில். புதிதாக இரத்தம் எடுப்போம் என்றேன். வேண்டாம் மிஸ், அந்தக் கணக்கே இருக்கட்டும் என்றாள். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு விடாமல் நின்றேன். கடைசியில் கையை நீட்டினாள்.

இந்த முறை முழு வேலையையும் நான் என் கையால் செய்தேன். தை மாதம் கொழும்புக்குத் தனியாகப் போனேன். அவளுடைய இலக்கம் வந்தபோது கதிரையைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டேன். கோடு எழும்பவே இல்லை. எல்லாரையும் போல, தேடிப் பிடிக்க வேண்டிய அளவு. போனில் சொல்ல மனம் வரவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வாகனத்தை நேரே வளாகத்துக்கு விடச் சொன்னேன்.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்டும் இல்லையா மிஸ்?"

ஒன்றும் இல்லை, நீர் நல்ல சுகமாக இருக்கிறீர் என்றேன்.

"அங்க கிடந்ததுக்கு, அந்தப் புகைக்கு, அதுக்கெண்டாலும் ஏதும்?"

அன்றைக்கு ஏதும் பழுது வந்திருந்தாலும் இன்று இராது என்று விளக்கினேன். உடம்பு சும்மா இருக்காது. பழுதான எழுத்தைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டு நல்ல எழுத்தை வைக்கும். வெட்டிய எழுத்து இரத்தத்தில் கலந்து சிறுநீரோடு வெளியே போய்விடும். கன நாள் எடுக்காது. அவர்கள் முகாமில் கழிப்பறைக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களிலேயே எல்லாம் கழிந்து போயிருக்கும். நல்ல செய்தி சொல்கிறேன் என்ற நினைப்பில் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கதிரையை இழுத்து மெல்ல இருந்தாள்.

"என்ர ரத்தம் பழுது எண்டு வந்தவுடன எனக்கு ஆறுதலாப் போச்சு மிஸ். புகைதான், நான் இல்லை எண்டு. இத்தனை வருசத்தில இந்த ரெண்டு மாதம்தான் நல்லா நித்திரை கொண்டனான். இப்ப திரும்பவும் என்ர கையிலயே வந்து நிக்குது."

என்ன வந்து நிற்கிறது என்று கேட்டேன்.

"நான் பிடிச்ச பிள்ளை நிக்காது மிஸ். அவனும் நிக்கேல்லை, இதுகளும் நிக்கேல்லை."

நான் என்னென்னவோ சொன்னேன். கருக் கலைவது ஊர் உலகத்தில் எத்தனையோ பேருக்கு நடக்கிறது, பெரும்பாலும் தாயின் குற்றமே இல்லை, பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு சண்டையைக் கொடுத்தது யார் என்றெல்லாம் சொன்னேன். சொன்னதெல்லாம் உண்மை. அவள் தலையாட்டிக் கேட்டாள், நன்றி மிஸ் என்றாள், எழும்பிப் போய்க் குழாய்களைக் கழுவத் தொடங்கினாள். பாட்டு இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு ஒட்சிசனின் எடையைக் கண்டுபிடிக்கிற மெஷினை நம்பி அவளிடம் இருந்த ஒரேயொரு நிம்மதியையும் பறித்துவிட்டு நிற்கிறேனே என்றிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பரந்தனில் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். அடுத்த வெள்ளியும் போனாள். ஒரு ஞாயிறு மத்தியானம் அனிஸ்ரன் போன் எடுத்தான். அவள் பழையபடி வந்துவிட்டதைச் சொல்லவும் எனக்கு நன்றி சொல்லவும்தான் எடுத்திருந்தான். நான் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான் எல்லாம் சரிவந்ததாம். பெரிய மீன் ஒன்று எனக்கென்று ஐஸில் வைத்திருப்பதாகவும் சொன்னான்.

"முந்தி மாதிரி இல்லை மிஸ், இப்ப என்னில நல்ல அன்பும் பட்சமும். நித்திரையிலயும் என்ர கையை விடுறாளில்லை. இறுக்கிப் பிடிச்சபடிதான் படுக்கிறாள். காலமை எழும்பினால் என்ர விரல் எல்லாம் விறைச்சுப் போய்க் கிடக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்லது தம்பி என்று சொல்லி நான் போனை வைத்தேன்.